பிடிபட்டவனுக்கே காவல்

காட்டைக் காப்பதற்காக சர்க்கார் எனக்குக் காக்கி உடுப்பும், பூட்ஸும், மரத்தில் முத்திரை அடிக்க ஒரு சுத்தியலும் கொடுத்தது. மூளை கொடுக்கவில்லை. விண்ணப்பத்தில் நானும் அதைக் கேட்கவில்லை. இல்லாவிட்டால், ஒரு ஃபாரஸ்ட் கார்டு ஊர்ப் பஞ்சாயத்தில் களவாளியாக நின்று தண்டனை வாங்குவானா? அதுவும் ஒரு பல்குச்சிக்காக. குற்றாலம் மலையடிவாரத்தில் அந்தப் பெருமை எனக்கு ஒருவனுக்கே உண்டு. இரண்டாம் முறையும் பிடிபட்டேன். அது வேண்டுமென்றே பிடிபட்டது என்று இப்போதே சொன்னால் நம்பமாட்டீர்கள். அதற்கான இடம் வரட்டும்.

இதை எழுத வைத்தவர்கள் தென்காசி ரேஞ்சு ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் இளவட்டங்கள். ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் விட்டிருந்த காடுகளையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். ரிட்டயரான பிறகு பொழுது போகாமல் ஆபீஸ் பக்கம் போன என்னிடம் ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, ஒரு ரேஞ்சரையே ஊர்க்காரங்க மலைக்காவலுக்கு உக்கார வச்சாங்களாமே, நெசமா?"

"நெசந்தான். ஆனா அதுக்கு முன்னால என்னைய உக்கார வச்சாங்க."

"அது தெரியும்" என்றான். என் புகழ் என்னை முந்திக்கொண்டு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

நான் வேலை கற்ற கதை சின்னது. மூன்று மாதம் ஒரு ஃபாரஸ்டர் பின்னால் நடந்தேன். அவர் மரத்தின் பெயரைச் சொல்லுவார், நான் மறப்பேன். ஒன்று மட்டும் மண்டையில் ஏறியது: கட்டை பார்ப்பது. களவாக மரம் வெட்டிய இடத்தில் நிற்கும் அடிக்கட்டையை முதலில் கையால் துடைக்க வேண்டும். பிறகு குனிந்து மோந்து பார்க்க வேண்டும். பச்சை வாடை அடித்தால் நேற்று, புளித்த வாடை என்றால் போன வாரம். சாணால் சுற்றளவு அளந்து, நோட்டில் எழுதி, சுத்தியலால் ஒரு முத்திரை. இவ்வளவையும் பிசகாமல் செய்துவிட்டு, வெட்டியவன் யாரென்று தெரியாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியில் நான் கெட்டிக்காரன்.

எங்கள் ரேஞ்சரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் யாரையும் கேள்வி கேட்க மாட்டார். தப்பாக ஒரு பதிலை அவரே சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி காத்திருப்பார். நாம் திருத்த வேண்டும். "உம்ம காவல் பீட்டில் வேங்கை நாற்பது நிற்கிறது" என்பார். நிற்பது முப்பத்தெட்டு என்றால் "முப்பத்தெட்டு, சார்" என்று உடனே சொல்லிவிட வேண்டும். மேலதிகாரி எது சொன்னாலும் ஆமாம் போட்டே வளர்ந்த கூட்டத்துக்கு இது எவ்வளவு பெரிய சித்திரவதை என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு முன்னால் இருந்த கார்டு, "ஆமா சார், நாப்பது" என்று சொல்லிவிட்டார். "சரி, காட்டும்" என்று ரேஞ்சரும் கூடவே நடந்தார். முப்பத்தெட்டாவது மரம் வரைக்கும் இருவரும் சந்தோஷமாகத்தான் நடந்தார்களாம்.

இனி ஊர். பெயரை எழுதவில்லை, எழுதினால் இன்றைக்கும் தேடி வருவார்கள். புளியறை ரோட்டிலிருந்து மேற்கே ஒதுங்கிக் கிடக்கும் நெல் விளையும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு மேலே ஒரு சரிவு. உசிலையும் புங்கும் வேம்புமாக நிற்கும். வயலில் உரத்துக்குத் தழை மிதிக்காமல் அங்கே நடவு கிடையாது, தழைக்கு அந்தச் சரிவை விட்டால் வேறு இடமும் கிடையாது. அது சர்க்கார் ரிசர்வுக் காடாக இருந்த காலத்தில் ஊர்க்காரர்கள் திருடினார்கள், நாங்கள் பிடித்தோம். இரண்டு தரப்பும் ஓய்வில்லாமல் உழைத்ததில் சரிவு மொட்டையாகிவிட்டது. கடைசியில் சர்க்கார் சலித்துப்போய், "மூன்று வருஷம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ரேஞ்சர் வந்து பார்ப்பார். மலை பச்சையாக இருந்தால் உங்களுக்கு, இல்லையென்றால் மறுபடி ரிசர்வு, தழையும் கிடையாது" என்று பஞ்சாயத்திடம் ஒப்படைத்தது.

பஞ்சாயத்து வைத்த சட்டங்களில் முதலாவது எல்லாரும் வைப்பதுதான். தழை வெட்ட நாள் குறித்துத் தண்டோரா போடும்வரை சரிவில் பச்சை எதையும் ஒடிக்கக்கூடாது. இரண்டாவது சட்டம் அந்த ஊருக்கே உரியது. மலைக்குக் காவல்காரன் என்று தனியாக யாரும் இல்லை. களவில் பிடிபட்டவன்தான் காவல். அடுத்த களவாளியை அவன் பிடிக்கிற நாள்வரை காவல் கம்பு அவன் கையில். அதுவரை வீட்டுக்கு வீடு முறைவைத்து அவனுக்குச் சோறு, கூலி கிடையாது. களவின் எல்லா வழியும் தெரிந்தவனே காவலுக்கு வருகிறான், அவனும் எப்போது விடுபடுவோம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காக்கிறான். எங்கள் இலாகாவில் இப்படி ஒரு யோசனை யாருக்கும் வரவில்லை.

அப்போது கம்பு பிச்சம்மாளிடம் இருந்தது. புருஷன் மலைக்கு அந்தப்புறம் தேயிலை எஸ்டேட்டுக்குப் போனவன், ஒரு வரிகூட எழுதவில்லை. நடவுக் கூலியை நம்பி இருக்கிறவள். பஞ்சாயத்துத் தலைவர் அண்ணாச்சியின் வயலுக்காகத் தழை அறுக்கப் போய் அவள்தான் பிடிபட்டாள். "வயலு அவுகளுது, தழை அவுகளுது, களவு மட்டும் எனக்கா?" என்று கூட்டத்தில் கேட்டாள். கூட்டம் யோசித்தது. அன்றே மூன்றாவது சட்டம் பிறந்தது: வெட்டியவன் களவாளி இல்லை, எவன் வயலுக்கு, எவன் அடுப்புக்குப் போகிறதோ அவனே களவாளி. சட்டம் நல்ல சட்டம். ஆனால் அவள் பிடிபட்டது சட்டத்துக்கு முன்னால் என்று சொல்லிக் கம்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

அங்கேதான் சங்கடம். பிச்சம்மாள் காவலுக்கு வந்தபிறகு மலையில் களவே நின்றுவிட்டது. களவு நின்றதால் அவளுக்கு விடுதலை இல்லை. எட்டு மாதம் கம்பைப் பிடித்தபடி இருந்தாள். கார் நடவு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் பதினைந்து இருபது நாளில் எவனாவது திருடாவிட்டால் அவளுக்கு அந்தப் போகத்தின் கூலி நெல் போச்சு. ஊரில் அத்தனை பேரும் யோக்கியர்களாகிவிட்ட நேரத்தில், வாயில் வெங்காய வாடையோடு நான் அந்தச் சரிவில் ஏறினேன்.

கைக்கெட்டிய வேப்பங்கொப்பில் ஒரு குச்சியை ஒடித்து மென்றுகொண்டே நடந்தேன்.

"கார்டையா, நில்லுங்க."

பாறை பேசுகிறதென்று நினைத்தேன். பாறைக்குப் பின்னாலிருந்து பிச்சம்மாள் எழுந்தாள். எட்டு மாதப் பட்டினிக்குப் பிறகு இலையில் சோறு விழுந்தவள் முகம்போல இருந்தது அவள் முகம்.

"வாயில என்னது?"

"பல்குச்சி."

"எங்கன ஒடிச்சிய?"

"இங்கனதான்."

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். வாயில் குச்சியோடு யோசிக்க வரவில்லை, அவ்வளவுதான்.

"துப்பிராதிய. அப்படியே வச்சுக்கிட்டு வாங்க."

"ஏம்மா, நான் சர்க்காரு காவலு."

"அப்போ தெரிஞ்சேதான் ஒடிச்சிருக்கிய. அதையும் கூட்டத்துல சொல்லிருதேன்."

கூட்டம் கூடியது. தலைவர் அண்ணாச்சி என்னையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னவே கார்டு, ஒரு வண்டி வேங்கையோட புடிபட்டாலும் ஒரு மரியாதை இருக்கும். இதுக்கா வே?" என்றார். எனக்கும் அதே வருத்தம்தான்.

அந்த ஊரில் சாட்சி, சத்தியம் எல்லாம் செல்லாது. பொருத்திப் பார்ப்பது ஒன்றுதான் செல்லும். களவுப் பொருளைக் களவாளியே சுமந்துபோய், வெட்டுப்பட்ட இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும். வெட்டுவாய் ஒட்டினால் குற்றம். ஒட்டாவிட்டால் விடுதலை. முன்னால் நான் பல்குச்சியை இரண்டு விரலால் ஏந்திக்கொண்டு, பின்னால் ஊர், எல்லாருக்கும் பின்னால் நாய்கள் என்று ஊர்வலமாக மலையேறினோம். குச்சியின் ஒரு முனை துடைப்பம்போல மெல்லப்பட்டிருந்தது. மறுமுனையைக் கொப்பின் காயத்தில் வைத்தேன். நார் முதற்கொண்டு பொருந்தியது. இவ்வளவு நேர்த்தியாக என் வாழ்க்கையில் வேறெதுவும் பொருந்தியதில்லை.

பிச்சம்மாள் கம்பை என் கையில் வைத்தாள். வைத்த கையோடு திரும்பிப் பார்க்காமல் வயலை நோக்கி இறங்கிவிட்டாள்.

ரேஞ்சரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. தென்காசிக்குப் போய் நின்றேன்.

"நீர் ஒடித்தது ரிசர்வில்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இல்ல சார். பஞ்சாயத்து மலையில."

"அங்கே ஒடிக்க உமக்கு அதிகாரம் உண்டு."

"இல்ல சார்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மூன்று வாரத்தில் அந்த மலையைப் பார்வையிட வருகிறேன். அதுவரை கம்பைப் பிடியும்" என்றார். அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் பூட்ஸ் சத்தம் அரை மைலுக்குக் கேட்கும். பூட்ஸைக் கழற்றினால் முள் தைத்து நான் போடும் சத்தம் ஒரு மைலுக்குக் கேட்கும். எட்டு மாதம் யோக்கியமாக இருந்த ஊர், ஆள் மாறியது தெரிந்ததும் மூச்சு விட்டுக்கொண்டது. எல்லாரும் ஒரு கட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு கட்டுத்தழையில் மலை குறைந்துவிடுமா என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. ஒரு பெண்பிள்ளை என்னை வழிமறித்து, "கார்டையா, சாப்பிட்டாச்சா, வீட்டுல சொகமா இருக்காகளா?" என்று அரைமணி நேரம் அன்பாக விசாரித்தாள். அவள் தங்கச்சி எனக்குப் பின்னால் இரண்டு மரத்தை மழித்துவிட்டாள். ஊரே சேர்ந்து மூன்று வருஷம் பாடுபட்டு வளர்த்த பச்சையை, நான் ஒற்றை ஆளாக இரண்டு வாரத்தில் கரைத்துக்கொண்டிருந்தேன். ரேஞ்சர் வந்து பார்த்தால் மலை ரிசர்வுக்குப் போய்விடும், ஊருக்குத் தழை இல்லை. அதற்குக் காரணம் யாரென்று ஊருக்குத் தெரியும்.

நாற்றங்காலில் களை பறித்துக்கொண்டிருந்த பிச்சம்மாளிடம் போய் நின்றேன்.

"எப்படி நீ புடிப்ப, பிச்சம்மா?"

"ஆளைத் தேடாதிய. வெட்டைப் பாருங்க. வெட்டுன கை எதுன்னு அது சொல்லும்."

மறுபடி மலையேறினேன். ஒரு வாரம் கட்டைகளைத் துடைத்தேன், மோந்தேன், அளந்தேன். எல்லா வெட்டும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தது. ரேஞ்சர் வந்து முகாம் போட்ட மறுநாள் காலையில், சரிவின் அடியில் புதிதாக வெட்டிய ஓர் உசிலைக் கட்டை. சுற்று இரண்டரைச் சாண். வெட்டு மட்டும் விபரீதமாக, எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. அருவாளை இடது கையில் பிடிக்கிறவன் வெட்டு. ஊரில் அப்படி ஒருவரும் இல்லை. நோட்டில் எழுதிவிட்டு, வழக்கம்போல ஒன்றும் புரியாமல், ரேஞ்சர் முகாமுக்குப் போனால் ஒரு வாய் காப்பியாவது கிடைக்குமென்று இறங்கினேன்.

முகாம் ஊர்க்கோடி மாந்தோப்பில் இருந்தது. ரேஞ்சர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் உசிலை எரிந்தது. பக்கத்தில் சமையல்காரர் இன்னொரு கட்டையைப் பிளந்துகொண்டிருந்தார், இடது கையால்.

என் காப்பியாசை அந்த இடத்திலேயே செத்தது. ஒன்றும் பார்க்காதவன்போலத் திரும்பினேன். முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பிச்சம்மாள் குடத்தோடு எதிரே நின்றாள். அவளும் அடுப்பைப் பார்த்துவிட்டாள்.

"கார்டையா, ஒமக்கு ஆளு கெடச்சாச்சு" என்றாள் மெதுவாக.

"ஏம்மா, அது ரேஞ்சரு."

"நான் யாருன்னு பாத்தா புடிச்சாங்க?"

ரேஞ்சர் காதில் விழுந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்தார். "அது ரிசர்வில் காய்ந்து விழுந்த சுள்ளி" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

என் ஆயுளில் 'ஆமா சார்' என்ற சொல் அவ்வளவு அழகாக எனக்குத் தோன்றியதில்லை. சொல்லிவிட்டால் என் வேலை பிழைக்கும், அவர் மனம் குளிரும், மலையைப் பற்றி நல்லதாக எழுதினாலும் எழுதுவார். ஆனால் நாளைக்கு ஊரில் எவன் சட்டத்தை மதிப்பான்? ரேஞ்சர் அடுப்புக்கு ஒன்று, பிச்சம்மாள் அடுப்புக்கு ஒன்று என்றால் தலைவர் அண்ணாச்சியே முதல் தழைக்கட்டைக் கட்டுவார். நான் இவ்வளவு கோர்வையாக அப்போது யோசித்ததாகச் சொன்னால் பொய். பிச்சம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இல்ல சார். பஞ்சாயத்து மலையில நிண்ண பச்ச உசிலை."

"வெட்டியது சமையல்காரன். குற்றம் அவனுடையது."

"இல்ல சார். அடுப்பு யாருதோ அவுகளுது."

"பெரிய விஷயம் இல்லை, பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை."

"பாக்கணும்யா" என்றாள் பிச்சம்மாள்.

அடுப்பிலிருந்த கட்டையை இழுத்துத் தண்ணீர் தெளித்தார்கள். பாதி கரியான கட்டையை ரேஞ்சர் தாமே சுமந்துகொண்டு மலையேறினார். பின்னால் ஊர், எல்லாருக்கும் பின்னால் நாய்கள். கருகாத வெட்டுவாயை அடிக்கட்டையில் வைத்தார். பொருந்தியது. தலைவர் அண்ணாச்சி துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, ஏதோ தெரியாம..." என்று தொடங்கினார்.

"உங்கள் சட்டம் சர்க்கார் அதிகாரிக்குச் செல்லாது" என்றார் ரேஞ்சர், கண்ணாடியைத் துடைத்தபடி.

தலைவர் அண்ணாச்சி கையிலிருந்த துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "செல்லும்யா" என்றார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ரேஞ்சர் என் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்தார்.

என் பங்குக்கு நான் விடுதலை. ஆனால் ஊருக்குக் குலைநடுக்கம். ரேஞ்சர் உட்கார்ந்திருக்கிற மலைக்கு எந்த மடையன் திருட வருவான்? யாரும் திருடாவிட்டால் அவர் எப்படி எழுந்திருப்பார்? மறுநாள் காலை தென்காசியில் எங்கள் இலாகாப் பெரிய துரையின் முகாம். ரேஞ்சர் அங்கே இல்லாமல், எங்கே என்று துரை கேட்டு, 'ஒரு ஊர்ப் பஞ்சாயத்து அவரைப் பாறையில் உட்கார வைத்திருக்கிறது' என்று யாராவது சொன்னால், மலையும் போகும், பஞ்சாயத்தும் போகும். தண்டனையைக் குறைக்கச் சட்டத்தில் இடமில்லை. கூட்டம் மத்தியானம்வரை பேசியது. பேச்சு ஓய்ந்தபோது எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வே கார்டு" என்றார் தலைவர் அண்ணாச்சி, "நீருதான் பழக்கப்பட்ட ஆளு."

"திருடுதேன். ஆனா இனிமே காவலு இருக்கிறவுகளுக்கு அறுப்புக்கு அறுப்பு வீட்டுக்கு ஒரு மரக்கா நெல்லு அளக்கணும். சரின்னு சொன்னாத்தான் திருடுவேன்."

"களவாங்கப் போறவன் மொதல்ல கூலி பேசுதான், பாத்தியளா?" என்றார் தலைவர் அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்து. கூட்டம் சிரித்தது. சிரித்த சூட்டில் சரி என்றும் சொல்லிவிட்டது.

அருவாளோடு ஏறி, ஒரு புங்கங்கொப்பை வெட்டி, பாறைக்கு எதிரே தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ரேஞ்சர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. திரும்பி வந்து இன்னொரு முறை நடந்தேன். மூன்றாவது நடையில் இருமினேன்.

"சர்க்கார் வேலையாகத் தழை கொண்டுபோகிறீர்."

"இல்ல சார். களவு சார்."

"வேறு யாருக்கோ."

"இல்ல சார். என் சொந்தக் களவு."

கண்ணாடியை மறுபடி ஒருமுறை நிதானமாகத் துடைத்தார். "என்னை இங்கிருந்து எழுப்புவதற்காக இல்லை" என்றார்.

உத்தியோகத்தில் அவர் சொன்ன தப்பை நான் திருத்தாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். "ஆமா சார்" என்றேன், "அதுக்காக இல்ல சார்."

கம்பை என்னிடம் நீட்டினார். பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது. இறங்கும்போது அவர் எழுதிக்கொண்டிருந்த மலையைப் பார்வையிட்ட ரிப்போர்ட்டைத் தலைவர் அண்ணாச்சிக்குப் படித்துச் சொன்னார். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னார்: 'தென்சரிவில் தழை மெலிந்திருக்கிறது, அதற்குக் காரணம் எங்கள் கார்டு. இந்த ஊரின் காவல் என்னையே பிடித்தது. மலை இவர்களிடமே இருக்கட்டும்.' அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்கு இறங்கினேன். நடவு தொடங்கி முதல் வயல் பாதி ஆகியிருந்தது. பிச்சம்மாள் வரிசையின் ஓரத்தில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று சொன்னேன்:

"பிச்சம்மா, மலை ஒங்களுக்கே நிண்ணுட்டு. காவலுக்கு நெல்லுன்னும் ஆயிட்டு. ஆனா கம்பு என் கையில இருந்தா மழைக்குள்ள மலை மொட்டையாயிரும், அது ஒனக்கே தெரியும். ஒரே ஒரு கொப்ப ஒடி, நான் புடிச்சிக்கிடுதேன்."

அவள் நிமிரவில்லை. கையிலிருந்த நாற்று முடியிலிருந்து அடுத்த நாற்றைப் பிரித்தாள்.

"நடவு முடியட்டும்."